நலமேம்பாட்டுக் கலைச்சொற்கள்: பொதுச்சொல்லும் பொதுப்பொருளும் – வெள்ளறடை எல்லைப்புறத்தை முன்வைத்து

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லையோரத்தில் அமைந்துள்ள ஊர் வெள்ளறடை. மலையாளத்தில் இதனை வெள்ளறட என எழுதுவர். தலை–தல, மலை–மல, கடை–கட என இரு மொழிகளுக்கும் இடையே காணப்படும் ஐகார அகர இணைகளின் வரிசையில் இவ்வூர்ப்பெயரும் சேரும். ஊரை அடுத்துப் பனச்சமூடு. அதனைக் கடந்தால் தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டம். தென்மேற்கே பாறசாலையும் அதற்கப்பால் களியக்காவிளையும் உள்ளன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய திருவிதாங்கூர் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்த அளவுக்குப் பேச்சு பிரியவில்லை. எல்லையின் இருபுறமும் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் கேட்கப்படுகின்றன. நோயுற்றவர் காரக்கோணத்துக்கும் செல்வார், நெய்யூருக்கும் செல்வார். நோய் முற்றினால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கோ ஆசாரிப்பள்ளத்திலுள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு செல்லப்படுவார். காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி, எவரெஸ்ட்டு ஏறச் சென்று பின்னர் நெய்யூரில் மருத்துவப் பணி செய்த சோமர்வெல்லின் பெயரைத் தாங்கி நிற்பது.

இத்தகைய இடத்தில் நலமேம்பாட்டுத் துறையின் கலைச்சொற்கள் வேறு எங்கும் வெளிப்படாத ஒரு சிக்கலை வெளிப்படுத்துகின்றன. சொல் இல்லை என்பது இங்குக் குறையே அன்று. இரு மொழிக்கும் பொதுவான சொற்கள் ஏராளம் உள்ளன. வடிவம் பொதுவாக இருக்கப் பொருள் மட்டும் விலகி நிற்பதே மொழிபெயர்ப்பாளரை இடறச் செய்கிறது. பொதுக் கலைச்சொல் என்பது பொதுவடிவத்தால் அமைவதன்று, பொதுவரையறையால் அமைவது என்பதனை இப்பகுதியின் வழக்கைக் கொண்டு காணலாம்.

கருத்தின் எல்லை

1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் அமைப்புச் சாசனம், நலம் என்பதனை நோயின்மை என்ற அளவில் நிறுத்தாமல் உடல், மனம், சமூக வாழ்வு ஆகிய மூன்றன் நிறைநிலையாக வரையறுத்தது. (இந்நிறுவனத்தின் பெயரே தமிழில் உலக சுகாதார நிறுவனம் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் என்றும் இருவகையாக வழங்குவது இக்கட்டுரையின் பொருளுக்கு ஒரு முன்னுரை எனலாம்.) 1978இல் அல்மா ஆட்டாவில் கூடிய மாநாடு அடிப்படை மருத்துவப் பணிகளை அனைவர்க்கும் உரியனவாக அறிவித்தது. 1986 நவம்பரில் ஒட்டாவா நகரில் நிறைவேறிய சாசனம் நலமேம்பாடு என்னும் கருத்துக்கு உருக்கொடுத்தது. மக்கள் தம் நலத்தின்மீது தாமே கூடுதல் கட்டுப்பாடு பெற்று அதனை உயர்த்திக்கொள்ள இயலச் செய்யும் ஒரு தொடர்நிகழ்வு என்பது அதன் சாரம்.

அவ்வாண்டிலேயே டான் நட்பீம் இத்துறைக்கு ஒரு சொற்கோவை வெளியிட்டார். அது 1998இல் உலக நிறுவனத்தின் சார்பில் விரித்து எழுதப்பட்டது. 2006இல் புதிய சொற்கள் சேர்ந்தன. 2021இல் மீண்டும் திருத்தம் பெற்றது.  கல்லீரல் எங்கும் கல்லீரலே. நலமேம்பாட்டின் கலைச்சொற்களோ சமுதாயம், பங்கேற்பு, அதிகாரம், சூழல் என அன்றாட வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை. அன்றாடச் சொல் கலைச்சொல்லாக உயரும்போது பழைய பொருளைக் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை.

ஒட்டாவா வரையறையைத் தமிழில் தருவதிலுள்ள முதல் இடர் இலக்கணம் சார்ந்தது. மேம்பாடு என்பது தன்வினைப் பெயர். மேம்படுத்தல் என்பது பிறவினைப் பெயர். முன்னது அடைந்த நிலையையும் பின்னது செய்யும் செயலையும் உணர்த்தும். தொடர்நிகழ்வைக் குறிக்கப் பின்னதே பொருந்தும் எனத் தோன்றும். ஆயின் பிறவினைப் பெயர் வந்தவுடன் செய்பவர் யார் என்ற வினா எழுகிறது. ‘மக்கள் நலத்தை மேம்படுத்தும் பணி’ என்னும் தொடரில் மக்கள் என்பது எழுவாயா, ஆறாம் வேற்றுமைத் தொகையின் முதற்கூறா? இரண்டாகவும் கொள்ளலாம். அரசுத் தாளில் இத்தொடரைக் காணும் வாசகர், மக்களின் நலத்தை வேறொருவர் மேம்படுத்துகிறார் என்றே கொள்வார். அந்த வேறொருவர் அரசு என்றும் தாமே வருவித்துக்கொள்வார். மக்களே செய்பவர் என்னும் ஒட்டாவாவின் உயிர்க்கருத்து ஒரு தொகைநிலையில் மறைந்துபோகிறது. ‘மக்கள் தம் நலத்தை’ எனத் தற்சுட்டுப் பெயரைச் சேர்த்தெழுதினால் ஐயம் நீங்கும். ஓர் எழுத்தும் ஓர் ஒற்றும் இங்குக் கொள்கையைக் காக்கின்றன. தலைச்சொல்லாக நலமேம்பாடு என்பதனை வைத்துக்கொண்டு, வரையறைத் தொடரில் இத்தற்சுட்டை விடாது எழுதுவது தக்கது.

நலம், சுகாதாரம், ஆரோக்கியம்

தமிழ்நாட்டில் துறையின் பெயர் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை. சிற்றூரில் உள்ளது ஆரம்ப சுகாதார நிலையம். இலங்கையில் சுகாதார மேம்பாட்டுப் பணியகம். சிங்கப்பூரில் 2001இல் தோன்றியது சுகாதார மேம்பாட்டு வாரியம். கேரளத்தில் துறை ‘ஆரோக்ய வகுப்பு’, சிற்றூர் நிலையம் ‘பிராதமிகாரோக்ய கேந்திரம்’. 2017 முதல் இவற்றுள் பல ‘குடும்பாரோக்ய கேந்திரம்’ ஆயின. வகுப்பு என்பது தமிழ்ச் செவிக்குப் பள்ளியறையை நினைவூட்டும் என்பது சிறு செய்தி.

சுகாதாரம் என்னும் சொல் சுகம், ஆதாரம் என்பவற்றின் சேர்க்கை. அமைப்பால் விரிந்த பொருளுடையது, வழக்கால் சுருங்கிவிட்டது. ‘சுகாதாரமற்ற உணவகம்’ என்றால் அழுக்கடைந்த உணவகம் என்பதே பொருள். எனவே சுகாதார மேம்பாடு என்பதனைக் கேட்பவர் சாக்கடை, குப்பை, கழிப்பறை ஆகியவற்றை நினைப்பது இயல்பு. மலையாளம் இப்பொருளுக்கு சுசித்வம், விருத்தி என்பவற்றை வழங்குகிறது. அவ்விருத்தி தமிழரின் விருத்தி அன்று; அங்குத் தூய்மை, இங்கு வளர்ச்சி.

நலம் என்பது தொகைச்சொற்களை ஈனும் ஆற்றல் மிக்கது. மனநலம், கண்நலம், மகப்பேற்று நலம் என எளிதில் விரியும். ஆயின் நலத்திட்டம், நலவாரியம் என்பவற்றில் அது வேறு துறைக்குச் சென்று விடுகிறது. சமூக நலம் என்ற தொடரை உதவித்தொகைத் துறை முன்னமே எடுத்துக்கொண்டது. நல்வாழ்வு என்பதனை நலத்துக்கு ஒருபொருட் சொல்லாகக் கொண்டால், 2021ஆம் ஆண்டுச் சொற்கோவை நலத்தினின்று பிரித்துக் காட்டும் நிறைவாழ்வுக் கருத்துக்குச் சொல் எஞ்சாது.

ஆரோக்கியம் ஒன்றே எல்லையின் இருபுறமும் ஏறத்தாழ ஒரே பொருளில் விளங்குவது. ரோகம் இன்மை என்பது அதன் சொற்பிறப்பு. 1948ஆம் ஆண்டு வரையறை போதாது என ஒதுக்கிய அதே கருத்து! சொற்பிறப்பு சொற்பொருளைக் கட்டுப்படுத்தாது என்பது மொழியியலார் அறிந்ததே. மலையாளத்தில் இச்சொல் முழுப்பொருளையும் சுமந்து வருகிறது. ஆதலின் சொற்கோவையில் நலம் தலைச்சொல்லாகவும், எல்லைப்புறத் துண்டறிக்கைகளில் ஆரோக்கியம் ஏற்கப்பட்ட மாற்றுச்சொல்லாகவும் நிற்பதில் தடையில்லை. தூய்மைவாதம் இதனை மறுக்கக்கூடும், பயன்பாடு மறுக்காது.

ஒரே வடிவம், வேறு பொருள்

விடுதலைக்குப் பின், 1961இல் அமைந்த நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் இந்திய மொழிகளுக்கு இயன்றவரை பொதுவான சொற்களை நாடியது. வடமொழி வேர்கள் அப்பொதுமையைத் தரும் என்பது அக்காலத்து எதிர்பார்ப்பு. வெள்ளறடைக்கும் விளவங்கோட்டுக்கும் இடையே அவ்வெதிர்பார்ப்பு பலமுறை பொய்க்கிறது.

நலம் மக்களின் உரிமை என்பது இத்துறையின் அடிப்படை முழக்கங்களுள் ஒன்று. மலையாளத்தில் அது ‘ஆரோக்கியம் அவகாசமாணு’ என வரும். அவகாசம் தமிழில் காலவசதி. உணவு மலையாளத்தில் பட்சணம். தமிழில் பட்சணம் பண்டிகைக்குச் செய்யும் இனிப்பும் முறுக்கும். மூன்று வேளையும் பட்சணம் உண்க என்னும் அறிவுரை நீரிழிவு நோயாளியின் கையில் எப்படிப் படிக்கப்படும் என்பதனைச் சொல்ல வேண்டியதில்லை. அந்நீரிழிவே இன்னும் கடுமையான சான்று. மலையாளத்தில் அதன் இயல்பான பெயர் பிரமேகம். தமிழ் மருத்துவ வழக்கில் மதுமேகம் என்பது நீரிழிவைக் குறிப்பினும், பிரமேகம், மேகநோய் என்பவை பால்வினை நோயைச் சுட்டும் சொற்களாகவே பெருவழக்குப் பெற்றுள்ளன. ‘பிரமேக பரிசோதனை’ என்னும் அறிவிப்பை எழுத்துப்பெயர்ப்பாக மட்டும் தமிழில் தந்தால், பழைய வழக்கறிந்த முதியவர் அவ்வரிசையில் நிற்கத் தயங்குவார். நீரிழிவைத் தொடக்கத்தில் கண்டறிதல் நலமேம்பாட்டின் முதற்பணிகளுள் ஒன்றாக இருக்க, சொல்லே ஆளை விரட்டுகிறது.

இவ்விலகல் வடசொற்களோடு நின்றுவிடவில்லை. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், வெள்ளம் என்றால் நீர். குமரி மாவட்டப் பேச்சிலும் இவ்விரண்டும் அப்பொருளில் வழங்குகின்றன. நடுங்குதலைக் குறிக்கும் பனித்தல் என்னும் பழந்தமிழ் வினையை அறிந்தோர் காய்ச்சலுக்குப் பனி என்ற பெயர் வந்ததில் வியப்புறார். சென்னையில் அச்சான தாளிலோ பனி மார்கழியில் பெய்வது, வெள்ளம் ஊரை அழிப்பது.

ஒத்துச் செல்லும் சொற்களும் உண்டு. 1920களின் இறுதியில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் துணையுடன் திருவிதாங்கூரில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கியது. 1930களில் நெய்யாற்றின்கரையில் ஒரு முன்மாதிரி நலப்பணி அலகு இயங்கியது. தமிழில் கொக்கிப்புழு, மலையாளத்தில் கொக்கப்புழு. புழுவின் வாயமைப்பைக் கண்முன் நிறுத்தும் சொல் ஆதலின் இரு மொழியிலும் பொருள் வழுவவில்லை. காட்சிப்பொருளுக்கு இது எளிது. கருத்துப்பொருளுக்கு இவ்வசதி இல்லை.

சமுதாயமும் சமூகமும்

நலமேம்பாட்டின் நடுநாயகமான கருத்து, ஓரிடத்தில் வாழ்ந்து தம்முள் உறவும் பொதுநலனும் உடைய மக்கள் தொகுதி. தமிழ்நாட்டில் இதற்குச் சமுதாயம் என்னும் சொல் அரசு வழக்கில் நிலைபெற்றது. 1952இல் தொடங்கியது சமுதாய வளர்ச்சித் திட்டம். ஆரம்ப நிலையத்துக்கு மேற்படி சமுதாய நல மையம். எல்லைக்கு மேற்கே அதே நிலையம் ‘சாமூகிகாரோக்ய கேந்திரம்’ எனப்படும். சமுதாயம் என்ற சொல் மலையாளத்தில் உண்டு. ஆயின் அது சாதியையோ மதப்பிரிவையோ குறிப்பது. சமுதாய நல மையம் என்னும் பலகையை மலையாளப் பயிற்சி மட்டும் உடைய ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்தால், ஏதோ ஒரு சாதிச் சங்கம் நடத்தும் மருத்துவமனை எனக் கொள்ள இடமுண்டு.

அவ்வாறாயின் சமூகம் என மாற்றிவிடலாமா? தமிழில், குறிப்பாகத் தென்மாவட்டங்களில், ‘நீங்கள் எந்தச் சமூகம்?’ என்பது சாதியைக் கேட்கும் நாகரிகமான வினா. சமுதாயம் என்பதனையும் சாதிச் சங்கங்கள் தம் பெயர்களில் பயன்படுத்துகின்றன. ஆக இரு சொற்களும் இரு மொழிகளிலும் பொதுமைக்கும் பிரிவுக்கும் இடையே ஊசலாடுகின்றன. ஊசலின் திசைதான் வேறு. ஒரு கிணற்றைச் சுற்றியுள்ள அனைவரும் கூடித் தம் குடிநீரைக் காக்க வேண்டும் என்னும் கருத்தைச் சொல்லவந்த சொல், கிணற்றைப் பங்கிட்ட பழைய பிரிவினையை நினைவூட்டுமாயின் அது வெறும் மொழிபெயர்ப்புப் பிழையாக நிற்பதில்லை. இவ்விடத்தில் ஊர்மக்கள் என்ற எளிய சொல் கலைச்சொற்கோவைகளில் இடம்பெறாதது குறை எனலாம். நகர்ப்புறத்துக்குப் பொருந்தாது என்பர். பகுதிமக்கள் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

பங்கேற்பு என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1996இல் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் அடிக்கருத்து மக்களின் பங்காளித்தம். தமிழில் பங்காளி தந்தைவழி உறவினர். பாகப்பிரிவினையில் எதிர்த்து நிற்பவர் என்னும் நிழலும் அச்சொல்லுக்கு உண்டு. மலையாள அறிக்கையைத் தமிழாக்குவோர் பங்காளித்தத்தை ஒலியொப்புமை கருதிப் பங்காளித்துவம் என ஆக்குவதைத் தவிர்த்துப் பங்கேற்பு எனத் தருதல் வேண்டும். அப்போதும் ஒரு வரையறை தேவைப்படும். அழைத்த கூட்டத்துக்கு வந்து அமர்தலும் பங்கேற்பே. முடிவெடுத்தலில் உரிமை பெறுதலும் பங்கேற்பே. ஒட்டாவா சாசனம் கருதுவது பின்னதனை.

அதிகாரமளித்தல் என்பதிலும் அளிப்பவர் ஒருவர் மேலே நிற்கிறார். இலங்கைத் தமிழின் வலுவூட்டல் இதனினும் சிறந்தது. ஆயினும் அதிலும் ஊட்டுபவர் உள்ளார். மலையாளத்தின் சாக்தீகரணமும் செயப்படுத்தும் தன்மையதே. தன்வினையாக ‘வலுப்பெறல்’ என அமைத்தால் மக்கள் எழுவாயாவர். முன்னர்க் கூறிய மேம்பாடு–மேம்படுத்தல் வேறுபாட்டின் மறுதோற்றம் இது.

தனிமைப்படுத்தல்

வரையறையின்றி வழங்கிய கலைச்சொல்லின் விளைவை 2020ஆம் ஆண்டு எல்லோர்க்கும் காட்டியது. நோயுற்றவரைப் பிறரினின்று பிரித்துவைத்தல் ஒன்று. நோயாளியோடு பழகியும் நோய் வெளிப்படாதவரைக் குறித்த காலம்வரை ஒதுக்கிக் கண்காணித்தல் மற்றொன்று. தமிழில் இரண்டுக்கும் தனிமைப்படுத்தல் என்ற ஒரே சொல் வழங்கியது. மலையாளத்தில் இரண்டாவதற்கு ‘நிரீட்சணத்தில்’ என்னும் தொடர், அதாவது கண்காணிப்பில் உள்ளவர் என்பது, ஆங்கிலச் சொல்லோடு உடன்வழங்கியது. களியக்காவிளைச் சோதனைச்சாவடியைக் கடந்து வந்த ஒருவர் மேற்கே கண்காணிக்கப்படுபவர், கிழக்கே தனிமைப்படுத்தப்பட்டவர். முன்னதில் ஐயம் உண்டு. பின்னதில் தீர்ப்பு உண்டு. நோயற்றவரையும் நோயுற்றவரையும் ஒரே சொல்லால் குறித்தமையால், வீட்டுவாசலில் ஒட்டப்பட்ட தாளைக் கண்ட அண்டைவீட்டார்க்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

தமிழில் சமூக இடைவெளி என்றது மலையாளத்தில் ‘சாமூகிக அகலம்’. தொலைவைக் குறிக்கும் மலையாள அகலம் தமிழில் பக்கவாட்டு அளவு. அதனினும் சமூக இடைவெளி என்ற தொடர் தீண்டாமையை நினைவூட்டுவதாகத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்து, தனிநபர் இடைவெளி என்பது முன்வைக்கப்பட்டது. குறை உரிய காலத்தில் சுட்டப்பட்டு மாற்றுச்சொல் எழுந்த அரிய நிகழ்வு இது. 2020 சூலை 17 அன்று திருவனந்தபுரம் கடற்கரையில் பூந்துறை, புல்லுவிளை ஆகிய இடங்களில் ‘சமூகவியாபனம்’ நேர்ந்துள்ளதாகக் கேரள முதலமைச்சர் அறிவித்தார். நோய் யாரிடமிருந்து வந்தது எனத் தொடர்பைக் கண்டறிய இயலாத நிலை என்பதே இதன் கலைப்பொருள். ஊர் முழுதும் நோய் பரவிவிட்டது என்பதன்று. சமூகப் பரவல் என்னும் தமிழ்ச்சொல்லும் இவ்வேறுபாட்டைத் தானே உணர்த்தவல்லது அன்று.

வரையறை எழுதும் முறை

யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அவர்தம் சொற்கள் அனைத்தும் நிலைபெறவில்லை. எனினும் அவை நூலோடு சேர்ந்து பிறந்தவை. சொல் வரும் பக்கத்திலேயே அதன் விளக்கமும் மாணவர் கண்முன் இருந்தது. பிற்காலச் சொற்பட்டியல்கள் பலவும் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என அமைந்து, விளக்கத்தை விட்டுவிட்டன. கணிதப் பட்டியலில் அணிக்கோவை எனக் கண்டதனை நலக்காரணிகளைப் பற்றிய கட்டுரையில் எடுத்தாளும் விபத்து அப்பட்டியல்களின் பயனே.

நலமேம்பாட்டுச் சொற்கோவையின் பதிவு ஒவ்வொன்றும் கருத்து எது என்பதோடு அண்மைக் கருத்து எதனின்று வேறுபடுகிறது என்பதனையும் கூற வேண்டும். நலக்கல்வி அறிவை வளர்ப்பது. நோய்த்தடுப்பு குறித்த நோயை எதிர்கொள்வது. நலமேம்பாடு வாழ்சூழலையும் மாற்ற முனைவது. இம்மூன்றையும் விழிப்புணர்வு என்ற ஒரே உறையில் இடும் இன்றைய வழக்கம் வேறுபாட்டை அழிக்கிறது. அடுத்து, எல்லைக்குறிப்பு ஒன்று வேண்டும். அவகாசம், பிரமேகம், சமுதாயம் போன்றவற்றுக்கு அண்டைமொழியில் என்ன பொருள் என்பது அதில் அமையும். நடுவிலுள்ள வாசகர்க்கு இது மிகை. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி அரசுடன் தமிழில் கடிதம் எழுத உரிமை பெற்ற சிறுபான்மையினர்க்கும் அவர்க்கு விடை எழுதும் அலுவலர்க்கும் இன்றியமையாதது.

சான்றாக நலவறிவு என்பதனை எடுத்துக்கொள்ளலாம். தன் நலத்துக்கும் பிறர் நலத்துக்கும் வேண்டிய செய்தியைத் தேடிப் பெறவும், விளங்கிக்கொள்ளவும், மதிப்பிடவும், பயன்படுத்தவும் வல்ல திறன் இது. இதனை நல எழுத்தறிவு எனப் பெயர்த்தல் சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்குத் தவறு. 1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட மாநிலத்தில், சாட்சரதை என்ற சொல்லைக் கேட்டவர் அப்பணி முடிந்துவிட்டது என்றே கருதுவார். மருந்துச்சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் மருந்தை நிறுத்தலாமா எனத் தீர்மானிக்கத் தெரிந்தவர் ஆகார்.

எல்லைக்குறிப்பின் பயன் எளிய சொற்களிலேயே மிகுதி. பனிக்காலத்தில் முதியோர் மேற்கொள்ள வேண்டிய காப்புகள் என்னும் தலைப்பில் தமிழில் ஒரு துண்டறிக்கை அச்சாவதாகக் கொள்வோம். பனச்சமூட்டுச் சந்தையில் அது காய்ச்சல் காலத்து அறிவுரையாகவே படிக்கப்படும். குளிர்காலம் என மாற்றலாம். இப்பகுதியில் குளிர் பெயரளவுக்கே உண்டு. மார்கழி, தை என எழுதலாம். மேற்கே அம்மாதங்கள் தனு, மகரம். டிசம்பர், சனவரி என்று எழுதினால் இருபுறமும் ஐயமின்றி விளங்கும்.